நாலாவது நாற்காலியில் தேங்காய்

மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மறுவீட்டுக்குப் போனவன் நான். எழுபத்தாறு நாள் இருந்தேன்.

மாசி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். சொந்தக்காரர் வீட்டு விருந்தெல்லாம் ஒரு சுற்று முடித்து, முறைப்படி பெண் வீட்டில் தங்கிச் சாப்பிடுவதற்காகச் சேரன்மகாதேவிக்குப் போனோம். கிளம்புவதற்குப் பையைக் கட்டி வைத்த அன்றைக்குத்தான் நாட்டையே பூட்டப் போகிறோம் என்று டி.வி.யில் சொன்னார்கள். சென்னைக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. டவுணில் இருக்கும் எங்கள் வீட்டுக்காவது போய்விடலாம், பைக்கில் முக்கால் மணி நேரம் ஆகாது. நாளைக்குப் போவோம், நாளன்றைக்குப் போவோம் என்று இருந்தபோதே எங்கள் தெருவில் ஒருவருக்கு நோய் கண்டு, தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். அப்பா போனில் சொன்னார்: "ஏலே, நீ அங்கனயே கெட. இங்க வந்தேன்னா ஒன்னயும் உள்ள வச்சு ஆணி அடிச்சிருவானுவ."

கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். புதுப் பெண்டாட்டி, மாமனார் வீடு, கொல்லைக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் ஆறு. நானும் முதல் நாலு நாள் அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம்தான், புது மாப்பிள்ளை என்பது மூன்று நாளுக்கு மேல் யாராலும் பார்க்க முடியாத உத்தியோகம் என்று தெரிந்தது.

அந்த வீட்டில் நான் எதையும் தொடக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பு வரும். தரையில் உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டை நானே எடுக்கக் கூடாது. ஒருநாள் எடுத்துவிட்டேன். சமையலறை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து "ஐயையோ!" என்று ஒரு சத்தம் வந்தது, நான் எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மனைவி ஓடி வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது என் மாமியார். அவர்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையிடம் மாமியார் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "ஏட்டி, அவுகட்ட கேளு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு." நான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் மனைவி என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு அம்மா கேக்காக," என்பாள். நான் போதும் என்பேன். "போதுமாம், அம்மா," என்று திரையைப் பார்த்துச் சொல்வாள். "அப்ப ஒரு கரண்டி வை," என்று திரை சொல்லும்.

சோறு என்றால் சொதிச் சோறு. மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பது எங்கள் ஜில்லாவில் சட்டம். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து ஒரு நாள் சாப்பிட்டால் பிறவிப் பயன் அடைந்த மாதிரி இருக்கும். அதை வாரத்துக்கு நாலு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். காய்கறி கிடைக்காமல் ஊரே திண்டாடிக்கொண்டிருந்தபோதும் கொல்லையில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. வெறும் முருங்கைக்காயைப் போட்டாவது சொதி வந்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு மீட்டிங். சொதி உள்ளே போனவனுக்குக் கண் எப்படித் திறந்திருக்கும்?

என் வேலையைச் சொல்லவில்லையே. ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரில் கோளாறு வந்தால் சென்னையிலிருந்து சரிசெய்து கொடுக்கும் எட்டுப் பேரில் நான் ஒருவன். ஊருக்குப் போகும்போதே லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். இனி வீட்டிலிருந்தே வேலை என்று உத்தரவு வந்தது. யார் வீட்டிலிருந்து என்று அவர்கள் கேட்கவில்லை.

செல்போன் சிக்னல் நன்றாக வந்தது முன்கூடத்தில் மட்டும். அந்தக் கூடம் முழுக்கச் சீர்வரிசை. சென்னைக்கு லாரியில் ஏற்றுவதற்காகக் கட்டி வைத்த கட்டில், பீரோ, மெத்தை, வாஷிங் மெஷின், அண்டா, குண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் அங்கேயே நின்றன. வாஷிங் மெஷினின் அட்டைப்பெட்டிதான் எனக்கு மேசை ஆனது. அது நெஞ்சு உயரம். ஆகவே நாற்காலியில் இரண்டு சீர்த் தலையணை போட்டு என்னை அதன்மேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் எவர்சில்வர் அண்டாக்கள் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தன. முதல் நாள் வீடியோவில் என்னைப் பார்த்த மேனேஜர், "பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு குண்டாவைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அது சீர், எறிய முடியாது.

மேனேஜரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். ஒரு தமிழ் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தமிழர்தான், பேர் பச்சைத் தமிழ்ப் பேர். ஆனால் தும்மினால்கூட இங்கிலீஷில் தும்முவார். சிரிக்கவே மாட்டார். அந்தப் பாத்திரக் கடைப் பேச்சுதான் அவர் ஆயுளில் செய்த ஒரே கிண்டல் என்று நினைத்தேன்.

என் மாமனார் இதற்கு நேர் எதிர். அவருக்கு வாழைக்காய் மண்டி. ஆற்றுப் பாசனத்தில் விளையும் தார்களை ஏலம் போட்டு விற்பது அவர் தொழில். ஏலம் போட்ட தொண்டை என்பதால் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். மண்டியை மூடச் சொன்னதும் அவரும் என்னைப் போல வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தார். கொல்லையில் நின்றுகொண்டு போனிலேயே ஏலம். "ஏலே, காய நீ பாக்காமலே சொல்லுதேன் கேளு, ஒவ்வொரு சீப்பும் யானத் தும்பிக்க மாதிரி இருக்குலே!" நான் இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருப்பேன். அவன், "உங்கள் ஊரில் ஏதாவது கலவரமா?" என்று கவலையோடு கேட்பான். நான் இல்லை, மாமனார் என்பேன்.

என்னிடம் மட்டும் அவர் குரல் குறைந்துவிடும். அவர் வீட்டு மாப்பிள்ளை அல்லவா? "மாப்பிள, சாப்பிட்டியளா? நல்லா உறங்குனியளா?" அவ்வளவுதான். நான் வேலையாக இருந்தால் கூடத்தை நுனிக்காலில் கடப்பார். கடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டுதான் கடப்பார். என் இங்கிலீஷில் அவருக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'சாரி'. அதைத்தான் நான் அதிகமாகச் சொல்வேன். மெயில் போகவில்லையா, சாரி. கரண்ட் போய்விட்டதா, சாரி. இரண்டு மணி மீட்டிங்கில் கண் சொக்கிவிட்டதா, ரொம்ப சாரி.

ஒருநாள் மகளைக் கொல்லைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ரகசியமாகக் கேட்டதால் எனக்கும் கேட்டது. "ஏம்மா, மாப்பிள எதுக்கு இத்தன சாரி சொல்லுதாக? அப்பிடி என்ன தப்புப் பண்ணுதாக?"

"அது சும்மா பேச்சுக்குப்பா."

"பேச்சுக்கா? நேத்து மட்டும் பதினாலு சாரி. என் மண்டியில ஒரு தார் அழுகிப் போனாக்கூட நான் எவன்ட்டயும் சாரி சொன்னதில்ல. வேற தார் குடுத்துட்டுப் போவேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பதினாலு என்று எண்ணியிருக்கிறார் மனுஷன்.

சித்திரை முடியப் போகிற நேரம். எங்கள் எட்டுப் பேருக்குள் ஒரு செய்தி ஓட ஆரம்பித்தது. வெளிநாட்டுக்காரன் செலவைக் குறைக்கச் சொல்கிறான், எங்கள் டீமில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், மேனேஜர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசப் போகிறார். மீட்டிங்கில் தூங்கினவனை வைத்துக்கொண்டு மற்றவனையா அனுப்புவார்கள்? வேலை போனால் அடுத்த வேலை எங்கே இருக்கிறது, எல்லாக் கம்பெனியும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் பக்கம் எடுத்து விட்ட முதல் வார்த்தையே "பையனுக்கு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை" என்பதுதான். அந்த வார்த்தைக்குத்தான் இந்தத் தலையணை, இந்தச் சொதி, இந்த நுனிக்கால் நடை எல்லாம். கல்யாணம் ஆகி இரண்டு மாதத்தில், அதுவும் மாமனார் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வேலையை இழந்தால் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவமானமாக இருந்தது.

என் முறை வந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு மேனேஜரோடு வீடியோவில் மீட்டிங் என்று மெயில். மனைவியிடம், "முக்கியமான மீட்டிங். வீட்டில் ஒரு சத்தம் வரக் கூடாது, மாமாவை ஏலம் போட வேண்டாம் என்று சொல்," என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவள் அதற்குமேல் கேட்கவில்லை. என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். போய் அவள் அப்பாவிடம், "நாளைக்கு இவுக பெரிய ஆபீசர்கூடப் பேசப் போறாக, என்னமோ ரொம்பப் பயந்துபோயிருக்காக," என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். பெரிய காரியம் பேச யாரையும் ஒத்தையாக அனுப்ப மாட்டார்கள். பெண் கேட்கப் போனாலும், நிலம் முடிக்கப் போனாலும், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினாலும், கூடப் பெரியவர்கள் போய் உட்கார வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். சட்டையை மாட்டிக்கொண்டு தலையணைமேல் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் மாமனார். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மூக்கு வாயை மூடி மாஸ்க். பக்கத்தில் அவர் தம்பி, என் சின்ன மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கடைசியில் "ரைட்" என்று சொல்லித்தான் முடிப்பார். அடுத்த வீட்டிலிருந்து கொல்லை வழியாக வந்திருக்கிறார். அவருக்கும் சலவை வேட்டி.

"மாமா, என்ன இது?"

"ஒண்ணுமில்ல மாப்பிள. நாங்க வாயே தொறக்க மாட்டோம். சும்மா கூட இருப்போம். நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

"ரைட்," என்றார் சின்ன மாமனார்.

"இது ஆபீஸ் மீட்டிங் மாமா! வெளியாட்கள் இருக்கக் கூடாது!"

"நாங்க என்ன வெளியாளா?" என்று கேட்டார் மாமனார். எங்கள் அப்பாவாக இருந்தால் கத்தி விரட்டியிருப்பேன். புது மாப்பிள்ளை கத்த முடியாது. கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் இருந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏட்டி! மூணு பேரால்லா இருக்காக! நல்ல காரியத்துக்கு ஆகுமா?"

மூன்று பேராக எதற்கும் போகக் கூடாது என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. மாமனார் கையை நெற்றியில் வைத்தார். "ஆமா, கெட்டுது கத. நீ வந்து உக்காரும்மா," என்று மகளைக் கூப்பிட்டார்.

"நான் நைட்டியில இருக்கேன், மாட்டேன்," என்றாள் என் மனைவி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பீரோவுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரை விலகி ஒரு கை நீண்டது. கையில் குடுமியோடு ஒரு முழுத் தேங்காய், மஞ்சள் தடவியிருந்தது. ஆள் குறைந்தால் அந்த இடத்துக்குத் தேங்காய் ஆளாம். சின்ன மாமனார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் தேங்காயை நிமிர்த்தி உட்கார வைத்து, அது சாய்ந்ததும் ஒரு சீர்த் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். "ரைட்," என்றார். அதே நொடியில் மேனேஜர் லேப்டாப்பில் வந்துவிட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யார் அவர்கள்?" என்றார் இங்கிலீஷில்.

"வீட்டுப் பெரியவங்க சார். இப்பப் போயிருவாங்க." ஒருத்தரும் அசையவில்லை.

"அந்த நாலாவது நாற்காலியில் இருப்பது... தேங்காயா?"

"ஆமா சார்," என்றேன். வேறென்ன சொல்வது? தேங்காய்தானே.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். கம்பெனி நிலைமை உனக்குத் தெரியும். ஆட்களைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விருப்பமில்லாத வேலை இது. உன்னைப் பொறுத்தவரை, சில மீட்டிங்குகளில் நீ விழித்திருந்தாயா என்றே எனக்குச் சந்தேகம். "சாரி சார்," என்றேன். "ரியலி சாரி சார். வெரி வெரி சாரி."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து, மாஸ்க்கை நாடிக்கு இறக்கி, லேப்டாப்புக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"வணக்கம் அண்ணாச்சி. நான் பொண்ணோட அப்பா."

"எந்தப் பொண்ணு?" என்றார் மேனேஜர். தமிழில்! இரண்டு வருஷத்தில் முதல் தமிழ். அதை ரசிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

"இவுக கெட்டியிருக்கிற பொண்ணு. நீங்க பெரியவுக, தப்பா எடுக்கப்பிடாது. நானும் அம்பது நாளா பாக்கேன். காலையில ஒம்பது மணிக்கு இந்தப் பெட்டி முன்னால ஏறி உக்காந்தா எங்க மாப்பிள இறங்குததே கிடையாது. ஒருநாள் இலையில சொதிய ஊத்தியாச்சு, ஒங்க போனு வந்துட்டு, அப்பிடியே விட்டுட்டு எந்திரிச்சுட்டாக. இலையில சோத்த வச்சிட்டு எவன் அண்ணாச்சி எந்திரிப்பான்? உறங்கிட்டாகன்னா அது எங்க வீட்டுச் சாப்பாட்டோட தப்பு. அத நாங்க பாத்துக்கிடுதோம். அவுகள இனிமே சாரி சொல்ல விடாதிய. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க."

"ரைட்," என்று பின்னாலிருந்து வந்தது.

நான் லேப்டாப்பை அறைந்து மூடினேன். மூடிய வேகத்தில் வாஷிங் மெஷின் பெட்டி ஆடி, அண்டா ஒன்று உருண்டு கூடம் முழுக்க ஓடி நின்றது. அதோடு ஐம்பது நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்துவிட்டது.

"மாமா, ஒங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அது என்ன வாழக்கா மண்டியா? எங்க டீம்ல மூணு பேர வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. இருந்த கொஞ்ச நஞ்சத்தயும் தேங்காவ வச்சு முடிச்சிட்டிய! நாளையில இருந்து நான் வேலையில்லாத மாப்பிள. தெரியுதா? அப்பவும் எனக்குச் சொதி வைப்பியளா? தலவாணி போட்டு உக்கார வைப்பியளா?"

கத்தி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. மாமனாரைப் பார்த்துக் கோட்டி, அதாவது பைத்தியம், என்று சொல்லிவிட்டேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். மனைவிக்குச் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

திரை விலகியது. மாமியார் வெளியே வந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். மகளைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"வேலை இல்லன்னா சொதி எதுக்கு? பழையது கெடக்கு, மோர் மொளகா இருக்கு. நாங்க திங்கதத் தின்னுட்டு, தட்டக் கழுவி வச்சிட்டு இருங்க. அதுக்கு எதுக்கு அழுவுதிய?"

சொல்லிவிட்டு உருண்ட அண்டாவை எடுத்து அடுக்கினார். இத்தனை நாளாக அந்தத் தட்டைத் தொட விடாத மனுஷி.

போன் அடித்தது. மேனேஜர். மாமனார் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார், நான் பிடுங்கிக்கொண்டேன். முழுக்க முழுக்கத் தமிழில் பேசினார் மேனேஜர்.

"எதுக்குய்யா மூடிட்ட? அந்தத் தேங்காய் எதுக்குன்னு சொல்லு முதல்ல."

மூன்று பேர் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன், அந்தக் காலத்தில் இருமலுக்குத்தான் எல்லோரும் பயந்தோம். சிரித்திருக்கிறார்.

"எங்க ஊர்ல கல்லு. எங்கம்மா பையிலயே ஒரு கல்லு வச்சிருப்பாங்க," என்றார். தருமபுரிப் பக்கமாம் அவருக்கு. பிறகு, "உன் பேரு லிஸ்ட்டுல இல்லய்யா. திட்டிட்டு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பாதியிலேயே உங்க மாமனார் வந்துட்டாரு," என்றார்.

தலையணையோடு சரிந்து தரையில் உட்கார்ந்தேன், யாரும் தடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, லிஸ்ட்டில் இருக்கும் மூன்று பேர் யார் என்று கேட்டேன். இரண்டு பேரைச் சொன்னார். மூன்றாவது யார் என்றேன்.

"அதுதான் தெரியல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலிடத்துல இருந்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க." பிறகு சொன்னார். "நல்ல ஏற்பாடுய்யா உங்க வீட்டுல. நான் இந்த பிளாட்டுல ரெண்டு மாசமா தனியா உக்காந்திருக்கேன்."

வேலை தப்பியது என்று வீட்டில் சொன்னேன். மாமனார் தேங்காயைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவர் கணக்கில் அதைச் சாதித்தது தேங்காயும் அவர் பேச்சும்தான், இன்றைக்கு வரை அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "மாமா, மன்னிச்சிருங்க," என்றேன். "எங்கிட்டயுமா சாரி?" என்று முறைத்தார். மேனேஜரின் ஐந்து மணி மீட்டிங்கைப் பற்றியும் சொன்னேன். "அவுககூட யாரு இருக்கா?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் தரையில் உட்கார்ந்து, தட்டில் பழையதும் மோர் மிளகாயும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சாப்பாடு அந்த வீட்டில் அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட இடத்திலேயே தூங்கியும் போனேன்.

நாற்காலி இழுக்கும் சத்தத்தில் முழித்தேன். மணி ஐந்தாகப் போகிறது. மாமனார் மறுபடியும் சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை. சின்ன மாமனாரும் வந்திருந்தார். மூடிய லேப்டாப்புக்கு முன்னால் நாலு நாற்காலி.

"மாமா, மீட்டிங் எனக்கில்ல. அவருக்கு. அவர் மெட்ராஸ்ல இருக்காரு. நாம இங்கன உக்காந்து என்ன ஆகப் போவுது?"

"அவுக வீட்ல ஆளில்லன்னு நீங்கதான சொன்னிய? உக்காருங்க."

உட்கார்ந்தேன். சின்ன மாமனாருக்கு ஒரு சந்தேகம். "அவுகளயும் சேத்தா நாலு ஆவுதே. தேங்கா வேண்டாமே?"

"அவுக அங்கன இருக்காக. இங்கன மூணுதான்," என்றார் மாமனார்.

அப்போது மாமியார் தேங்காயோடு வந்தார். நாற்காலியில் வைக்கப் போகிறார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாலாவது நாற்காலியில் தானே உட்கார்ந்தார். நாலு பேரும் மூடிய லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வெளியே ஒரு சைக்கிள் போன சத்தம் கேட்டது. பார்க்கிறவர்கள் எங்கள் நாலு பேருக்கும்தான் கோட்டி பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். எனக்கோ எழுந்து போகவே மனமில்லை.

ஐந்தே முக்காலுக்கு என் போனில் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. ஒரே வரி. "மூணாவது நான்தான்."

வாசித்துக் காட்டினேன். சின்ன மாமனார்கூட ரைட் சொல்லவில்லை. மாமியார் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அவுகளுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல மாமா."

"அதான் பாத்தேன். ஒரு மாமனார் இருந்திருந்தா விட்டிருப்பானா?"

பிறகு மேனேஜருடைய விலாசத்தை வாங்கித் தரச் சொன்னார். சென்னைக்குப் போகும் காய்கறி லாரியில், மறுநாளே ஒரு முழுத் தார் ஏறியது. யானைத் தும்பிக்கை மாதிரிதான் இருந்தது ஒவ்வொரு சீப்பும். தனியாள் ஒரு தாரை என்ன செய்வார் என்று நான் கேட்டேன். அக்கம்பக்கத்தில் கொடுக்கப் போவாரில்லையா, அப்போது நாலு ஆள் பழக்கமாகும் என்றார். அப்படித்தான் ஆயிற்று. அவருக்கு வேறு வேலையும் கிடைத்தது, இன்றைக்கும் என்னிடம் பேசுகிறார், தமிழில்.

ஆனால் அது பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். 'சாரி' என்று அடித்தேன், அழித்தேன். கடைசியில், "நாங்க நாலு பேரும் அஞ்சு மணியில இருந்து உங்க கூடத்தான் உக்காந்திருந்தோம் சார், தேங்காயோட," என்று எழுதி அனுப்பினேன்.

மாமியார் தேங்காயைப் பூஜை அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கூடத்து மூலையைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"மாப்பிள, மத்தியானம் தின்ன தட்டு இன்னும் அங்கனயே கெடக்கு."

எழுந்து போய்க் கழுவினேன்.